அம்மா இருக்கிற மாநிலம்

அடுகோடி, பெங்களூரு
4-6-2025

அண்ணாவுக்கு ரத்தினம் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. என் பேத்தி அதிதி பத்தாம் வகுப்பில் கன்னடப் பாடத்தில் நூற்று இருபத்தைந்துக்கு நூற்று இருபத்தைந்து வாங்கியிருக்கிறாள். ஒரு மார்க்குகூடக் குறையவில்லை. அவள் டீச்சர், என் மருமகள் சுனிதாவிடம், "வீட்டுல தமிழ்தானே பேசுறீங்க, இது எப்படி?" என்று கேட்டாளாம். சுனிதா சிரித்து மழுப்பிவிட்டு வந்திருக்கிறாள். நானாக இருந்தால், "கேட்டுக்கு உள்ளே தமிழ், கேட்டுக்கு வெளியே கன்னடம், ரெண்டும் வராதவங்க கூட இங்கிலீஷ்" என்று சொல்லியிருப்பேன்.

அவள் அக்கா லாவண்யாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வேலையில் பதவி உயர்வு. இப்போது அவளுக்குக் கீழே பதினாலு பேர். அதில் ஒருத்தன் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். அவனும் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். பேரன் பரத்தை வைட்ஃபீல்ட் கம்பெனி இரண்டு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தது. நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். நான் போட்டுக்கொடுத்த ஊறுகாய் பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான். அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் தாய்மாமன் வீட்டுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது. லாவண்யா கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. உங்களுக்குக் காதும் கேட்காது. போனில் நான் கத்தினால் அதுவே சண்டை மாதிரி இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் அம்மாவைப் பற்றியது. நெல்லிப்பள்ளத்தில் டீக்கடை வைத்திருக்கும் சரசு போன் செய்தாள். "அக்கா, ஓடை மேல புதுப் பாலம் வருது. உங்கம்மா சமாதி மேட்டுல சுண்ணாம்புக் கோடு போட்டுட்டாங்க. சமாதி, கோயில் எதுனா இருந்தா வாரிசுங்க ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள, அது எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்துத் தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கணுமாம். குடுத்தா எடுத்து வேற இடத்துல வெப்பாங்க. குடுக்கலேன்னா அப்படியே மண்ணைக் கொட்டி ரோடு போட்டுருவாங்க" என்றாள். நோட்டீஸ் தமிழிலும் இருக்கிறதாம், கன்னடத்திலும் இருக்கிறதாம்.

அண்ணா, அம்மா மேல் பஸ் ஓடக்கூடாது. அம்மா இருப்பது உங்கள் மாநிலத்தில். நான் அறுபது வருஷமாகக் கர்நாடகாக்காரி. என் மனுவை அங்கே யார் வாங்குவார்கள்? நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எடுத்து அந்தியூரிலேயே வைத்துவிடுங்கள், நான் வருகிறேன்.

கல்யாண மண்டபத்தில் நான் பேசியது கொஞ்சம் கூடத்தான். ஆனால் 2022-இல் பரத் காரில் நான் போனபோது சமாதி மேல் முள் முளைத்திருந்ததைப் பார்த்த கண் இது. அதையும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு
ரத்தினம்மாள்


அந்தியூர்
13-6-2025

ரத்தினத்துக்கு,

உன் 4-ஆம் தேதிக் கடிதம் 9-ஆம் தேதி கிடைத்தது. அதிதிக்கு என் ஆசி.

சரசு சொன்னது சரி. நோட்டீஸை நானும் ஆள் விட்டுப் பார்த்துவரச் சொன்னேன். மனு விஷயம் யோசித்துச் செய்ய வேண்டியது. ஏன் என்றால், அந்த இடத்தின் கதை நீ நினைப்பதுபோல அத்தனை நேரானது அல்ல.

திப்பு வீழ்ந்த பிறகு கம்பெனிக்காரர்கள் கொள்ளேகாலைக் கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்த்தார்கள். அதற்கு முன்பு அது மைசூர்ச் சீமை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அது சென்னை ராஜதானியில் இருந்தது. நீ பிறந்ததும் நான் பிறந்ததும் அதில்தான். அப்போது கொள்ளேகால் தாலுகாவுக்கும் நம் பவானி தாலுகாவுக்கும் ஒரே கலெக்டர். நடுவில் இருந்தது ஒரு தாலுகாக் கோடு. அதற்கு யாரும் காவல் போடவில்லை, யாரும் சண்டை போடவில்லை. மாடு மேய்க்கிறவனுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது. ஆந்திரம் பிரிந்தபோது ராஜதானியின் வடக்குப் பாதி போயிற்று. 1956 நவம்பர் முதல் தேதி மலபார் கேரளத்துக்குப் போயிற்று, தென் கன்னடமும் கொள்ளேகாலும் மைசூருக்குப் போயின. யாரும் பார்க்காத அந்தத் தாலுகாக் கோடு அன்று ராத்திரியோடு இரண்டு ராஜ்யத்தின் எல்லை ஆகிவிட்டது. பிறகு மைசூர் கர்நாடகம் ஆயிற்று. கொள்ளேகால் சாமராஜநகர் ஜில்லாவுக்கு மாறியது, அதிலிருந்து ஹனூர் தனித் தாலுகா ஆயிற்று. இந்தப் பக்கம் கோயமுத்தூர் போய் ஈரோடு வந்தது. இத்தனைக்கும் அந்த மேடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஆகவே அவசரப்படாதே.

கல்யாண மண்டபத்தில் நீ பேசியது கொஞ்சம் கூட அல்ல. "பெத்தவ சமாதியில நாய் படுக்க விட்ட மகனுக்கு இங்க என்ன இலை" என்றாய். அறுபது பேர் பந்தியில் இருந்தார்கள். என் இலையில் பாயசம் ஊற்றியிருந்தார்கள்.

கோவிந்தராஜன்


அடுகோடி
22-6-2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். திப்பு தெரிகிறது, கம்பெனி தெரிகிறது, மலபார்கூடத் தெரிகிறது. அம்மாதான் தெரியவில்லை. மனு கொடுத்தீர்களா, இல்லையா? அதற்கு ஒரு வரி போதுமே.

ராஜ்யம் மாறுவதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். என் மாமனார் தண்டுப் பக்கம் குடியிருந்தவர். கண்டோன்மென்ட் அப்போது வெள்ளைக்காரன் கையில், ஊர் மகாராஜா கையில். "காலையில வெள்ளைக்காரன் ராஜ்யத்துல காப்பி, பத்து மணிக்கு மைசூர் ராஜ்யத்துல வேலை, சாயந்தரம் திரும்பியும் வெள்ளைக்காரன்கிட்ட" என்று சொல்லிச் சிரிப்பார். 1947-இல் அதையும் மைசூருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் வீடு மாறவே இல்லை. அவர் கவலைப்படவும் இல்லை. அவர் அம்மா அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

நமக்கு அப்படியா? அம்மா ஆடியில் போனாள். மூன்று மாதம் கழித்து நவம்பரில் அப்பாவை எந்த ராஜ்யம் வேண்டும் என்று கேட்டார்கள். காட்டிலாகாவில் ஃபாரஸ்ட் கார்டு வேலை, மெட்ராஸ் சர்க்கார் சம்பளம். மெட்ராஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நம் குவார்ட்டர்ஸ் அந்தப் பக்கம் போய்விட்டது, காலி செய்யச் சொன்னார்கள். லாரியில் பாத்திரத்தோடு என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். நான் அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று அழுதேன். அப்போது உங்களுக்குப் பதிமூன்று வயது. நீங்கள்தான் கையை நீட்டிக் காட்டினீர்கள். "அழாத அம்மிணி. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் மைசூரு. அம்மா ஓடைக்கு இந்தப் பக்கம், நம்ம பக்கம்தான் இருக்கா" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்தியூர் வரை வந்தேன். பெங்களூருக்குக் கல்யாணம் ஆகி வந்தபோதும், அம்மா அண்ணன் இருக்கிற மாநிலத்தில் இருக்கிறாள், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றுதான் வந்தேன். அதனால்தான் அந்த முள்ளை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தக் கோடு மட்டும் மாறாமல் இருந்தால் நான் அஞ்சாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன். எட்டாவதாவது படித்திருப்பேன். அதையும் சொல்லி வைக்கிறேன்.

நானே மனு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள். என் எழுத்து அஞ்சாம் வகுப்பு எழுத்துதான், ஆனால் அடித்தல் திருத்தல் கிடையாது.

ரத்தினம்மாள்


அந்தியூர்
1-7-2025

ரத்தினத்துக்கு,

மனு கிடைத்தது. எழுத்து நன்றாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போனேன். நான் முப்பத்தாறு வருஷம் சர்வேயில் இருந்தவன் என்று அங்கே இப்போது யாருக்கும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விஷயம் கவனத்தில் இருக்கிறது. நீ அலைய வேண்டாம்.

உன் படிப்பு நின்றது கோட்டினால் அல்ல. அந்தியூரிலும் பள்ளிக்கூடம் இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அடுப்பு இருந்தது, அப்பாவும் நானும் இருந்தோம். நீ சமைத்தாய், நான் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். இதை நீ எப்போதும் கோட்டின் மேலேயே போடுகிறாய். என் மேல் போட்டிருக்கலாம்.

கோவிந்தராஜன்


அடுகோடி
8-7-2025

அண்ணாவுக்கு,

கோபத்தோடு அவசரமாக எழுதுகிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நேற்று சரசு மறுபடியும் போன் செய்தாள். தமிழ்நாட்டுப் பக்கம் மனு கொடுத்தவர்கள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். நாலு சமாதி, ஒரு முனியப்பன் கோயில். அம்மா பெயர் இல்லை. பரத் உடனே உங்கள் ஊர்த் தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டான். அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, "அந்தப் பேர்ல மனுவே வரலீங்க" என்றார்கள். இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் அதே பதில்.

அப்படியானால் பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்தீர்கள்? கவனத்தில் இருக்கிறது என்று எழுதினீர்களே, யார் கவனத்தில்?

பரத் தன் போனில் மேப் காட்டினான். கன்னடப் பிள்ளைகள் மாதிரி பாட்டியை அஜ்ஜி என்பான். "அஜ்ஜி, இங்க பாரு, ஸ்டேட் பார்டர் ஓடை மேல போகல. தெற்கே தள்ளிப் போகுது" என்றான். நான், "போடா, உன் போனுக்கு என்ன தெரியும், எங்கண்ணன் அந்தக் காட்டையே சங்கிலி போட்டு அளந்தவர்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கு எதுவும் புரியவில்லை. சுனிதா, "ரெண்டு பக்கமும் குடுத்துருங்களேன் அத்தை" என்கிறாள். ஒரு அம்மாவை இரண்டு மாநிலத்திலும் கேட்டால் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்களா?

இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தை என்னிடம் காட்டுங்கள். அம்மாவிடம் வேண்டாம்.

ரத்தினம்


அந்தியூர்
12-7-2025

அம்மிணிக்கு,

இதை நான் நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அம்மா தமிழ்நாட்டில் இல்லை. கர்நாடகத்தில் இருக்கிறாள். மனு ஹனூர் தாலுகா ஆபீஸில் கொடுக்க வேண்டும். நீதான் கொடுக்க வேண்டும். முதலில் இதைப் படித்துவிடு. மற்றதை நிதானமாகப் படி.

லாரியில் உன்னிடம் நான் பொய் சொல்லவில்லை. ஓடைதான் எல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். 1978-இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து அந்தப் பகுதியில் எல்லைக் கல் நட்டபோது நம் பக்கத்து சர்வேயர் நான். அவர்கள் பக்கம் பெங்களூர்க்காரர், கில்பர்ட் என்று பெயர். ராஜதானிக் காலத்துப் படத்தை விரித்து வைத்து அளந்தோம். படத்தில் இருந்தது பழைய ஓடை. அது எந்தக் காலத்து வெள்ளத்திலோ வடக்கே தள்ளிப் போயிருக்கிறது. நாம் பார்த்து வளர்ந்தது புது ஓடை. பழைய தடம் சமாதிக்குத் தெற்கே, கோரைப்புல்லுக்குள் இருந்தது. சங்கிலி போட்டுப் பார்த்தேன். சமாதியிலிருந்து எல்லை, சங்கிலிக் கணக்கில், இருபத்திரண்டு கண்ணி தூரம். நீ எட்டு வைத்து நடந்தால் ஆறு எட்டு. அந்த ஆறு எட்டினால் அம்மா மைசூர்ப் பக்கம் போய்விட்டாள்.

மறுபடியும் அளந்தேன். மூன்றாம் தரமும் அளந்தேன். கில்பர்ட்டுக்குச் சந்தேகம் வந்து, "யார் சார் அது, உங்க சொந்தமா?" என்று கேட்டார். அம்மா என்றேன். ஒரு பீடியைப் பற்ற வைத்தார். பிறகு, "ஒரு சமாதிக்காக ரெண்டு ராஜ்யம் சண்டைக்கு வராது சார். கல்லை அந்தாண்ட ஓடைக் கரையில நட்டுக்குங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்" என்றார். திரும்பியும் நின்றார்.

கடப்பாரை என் கையில் இருந்தது. இருபத்திரண்டு கண்ணி. எவனுக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கல்லுக்கு அடுத்த கல், அதற்கு அடுத்த கல் எல்லாம் அதை வைத்துத்தான் போக வேண்டும். கீழே நாலு பேர் சோளக்காடு இருந்தது. அவர்களும் மாநிலம் மாறியிருப்பார்கள். அம்மாவுக்காக நான் கல்லை நகர்த்தினால் இன்னொருத்தன் அவன் மாமனுக்காக நகர்த்துவான். படம் காட்டிய இடத்தில்தான் நட்டேன். என் கையாலேயே அம்மாவை அந்தப் பக்கம் விட்டேன்.

அதை உனக்கு எப்படி எழுதுவது? உன்னை லாரியில் அழாதே என்று சொன்னவன் நான். எழுதினால், "இத்தனை வருஷம் என் பக்கத்திலேயே இருந்தவளை உங்கள் பக்கம் என்று ஏமாற்றினீர்களே" என்பாய். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நம் அம்மா என்கிட்ட இருக்கிறாள் என்று நீ நினைப்பது எனக்கு வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அவளை நீ எடுத்துக்கொள்வாய். அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது?

அந்த வருஷத்திலிருந்து 2016 வரை ஒவ்வோர் ஆடியிலும் போனேன். சுண்ணாம்பு அடித்து, விளக்கு வைத்துவிட்டு வருவேன். பிறகு முழங்கால் போயிற்று. நீ பார்த்தது அதற்குப் பிந்தின முள். மண்டபத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்த மாநிலம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உன் மனு என் பையில்தான் இருந்தது. கொடுத்தால் வாங்கியிருப்பார்கள். ஆனால் அளக்க வந்தவன் என் கல்லைப் பார்த்துவிட்டு மனுவைத் தள்ளியிருப்பான். அவன் செய்வதுதான் சரியாகவும் இருக்கும்.

கோவிந்தராஜன்


அடுகோடி
16-7-2025

அண்ணா,

சுனிதாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு நானே படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் வேகமாகப் படித்தாலும் அதையேதான் சொல்கிறது.

அப்படியானால் நான் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அம்மாவும் நானும் ஒரே மாநிலத்திலா இருந்தோம்? ஒவ்வொரு ஆடிக்கும் இங்கிருந்து தமிழ்நாட்டுத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேனே, அது யாருக்குப் போயிற்று? காவேரிக் கலவரத்தில் இங்கே தமிழ்க் கடைகளை அடித்தபோது, அம்மாவாவது அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறாளே என்று நினைத்தேன். அவளும் இந்தப் பக்கம்தானா?

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உங்கள் மேல் படலாம் என்று உட்கார்ந்தால், மூன்று தரம் அளந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நின்றுபோகிறது. அந்த வெள்ளத்தின் மேல் படலாமா? அது எந்த வருஷம் என்றுகூட யாருக்கும் தெரியாதே.

நீங்கள் கல்லை நகர்த்தியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் நகர்த்தியிருப்பேன்.

பரத் வெள்ளிக்கிழமை லீவு போடுகிறான். ஹனூர் போகிறோம். அங்கே மனுவைக் கன்னடத்தில் கொடுக்க வேண்டும். அதிதி எழுதுகிறாள். நூற்று இருபத்தைந்து மார்க்குக் கன்னடம். என் அம்மா பெயரை அவள் கன்னடத்தில் எழுதியதைப் பார்த்தேன். அது யார் பெயரோ என்று இருந்தது. பிறகு விரல் வைத்துப் படித்துக் காட்டினாள்.

அங்கே ஆதாரம் கேட்டால் என்ன சொல்வது? சமாதியில் பெயர்கூட இல்லையே.

ரத்தினம்


அந்தியூர்
19-7-2025

அம்மிணிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் நீ போய்விட்டு வந்திருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். ஆதாரம் இருக்கிறது. 1978 எல்லைப் படத்தின் நகல் அவர்கள் பக்கத்து சர்வே ஆபீஸிலும் இருக்க வேண்டும். நெல்லிப்பள்ளம் தாளில், ஏழாம் கல்லுக்கு வடக்கே ஒரு சின்னக் கட்டமும் "சமாதி 1" என்று ஒரு குறிப்பும் இருக்கும். படத்தில் அப்படிப் போடும் வழக்கம் இல்லை. நான் கேட்டுக்கொண்டதால் கில்பர்ட் போட்டார். கீழே இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும்.

முதல் தரம் போய் வேலை ஆகாவிட்டால் இதைச் சொல்லி இரண்டாம் தரம் போகவும். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

என் முழங்கால் மலைப்பாதை பஸ்ஸுக்கு ஆகாது. ஆகும் என்றால் வந்திருப்பேன்.

கோவிந்தராஜன்


அடுகோடி
24-7-2025

அண்ணாவுக்கு ரத்தினம் எழுதுவது. எல்லோரும் நலம்.

முதல் தரம் வேலை ஆகவில்லை. கவுன்டரில் இருந்த பையன் நல்ல மாதிரிதான். ஆனால் எங்கள் ஆதார் கார்டைப் பார்த்தான், அடுகோடி என்று இருந்தது. என் பிறந்த ஊரைக் கேட்டான், நெல்லிப்பள்ளம் என்றேன். எந்த ஜில்லா என்று கேட்டான். கோயமுத்தூர் என்று சொல்லிவிட்டேன். நான் பிறந்தபோது அதுதானே! "அஜ்ஜி, அப்போ தமிழ்நாட்டுல போய்க் குடுங்க" என்று பேப்பரைத் திருப்பித் தள்ளினான். பரத் பேசிப் பார்த்தான். கோயமுத்தூரிலிருந்து வந்தவர்களுக்கு ஹனூரில் எப்படி அம்மா இருப்பாள் என்று அவனுக்கும் குழப்பம், கேட்கிறவனுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். திரும்பி வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் இல்லை. திங்கட்கிழமைதான் வந்தது. செவ்வாய்க்கிழமை பரத் மறுபடியும் லீவு போட்டான். மேனேஜர் என்ன காரணம் என்று கேட்டதற்கு, "எங்க கொள்ளுப்பாட்டி எந்த ஸ்டேட்னு கண்டுபிடிக்கணும்" என்று சொன்னானாம். அந்த மனுஷன் பயந்துபோய்க் கொடுத்துவிட்டார்.

இந்தத் தரம் நேராக சர்வே ஆபீஸ் போனோம். ஏழாம் கல், சமாதி ஒன்று என்று நீங்கள் எழுதியிருந்த வரியை அதிதி கன்னடத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு பெரியவர் மத்தியானம் வரை தேடினார். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தாள் இருக்கிறது அண்ணா. மடித்த இடத்தில் கிழிந்து இருக்கிறது, ஆனால் இருக்கிறது. சின்னக் கட்டம், பக்கத்தில் "சமாதி 1". என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. கீழே உங்கள் கையெழுத்து. பள்ளிக்கூட நோட்டில் போட்டுப் பழகுவீர்களே, அதே கையெழுத்து. அந்தப் பெரியவர் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். "நம்ம கடேனே இருக்காங்க அஜ்ஜி, நம்ம பக்கம்தான்" என்றார். பிறகு, "இந்தக் கல்லெல்லாம் இன்னிக்கு சேட்டிலைட் வெச்சுப் பாத்தாலும் ஒரு அடி பிசகாது. யார் போட்டதோ" என்றார். அந்தக் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, "எங்கண்ணன்" என்றேன். பரத் என்னைப் பார்த்தான். லாவண்யாவின் பதினாலு பேரை நான் ஊரெல்லாம் சொல்கிறேன். என் அண்ணனை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன், டீக்கடைக்காரரிடமும் சொன்னேன்.

மனுவை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இன்னும் முடியவில்லை. பெற்ற பிள்ளைகள் உயிரோடு எத்தனை பேர் என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். அப்படியானால் இரண்டு பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தோண்ட மாட்டார்கள். எங்கே வைப்பது என்றும் கேட்டார்கள். பெங்களூருக்குக் கொண்டுபோகிறாயா என்று பரத் காதில் கேட்டான். எனக்கு அந்த ஆசை வந்தது, மறைக்கவில்லை. நீங்கள் பயந்தது சரிதான். ஆனால் இங்கே எங்கே வைப்பேன், அபார்ட்மென்ட் கார் நிறுத்துகிற இடத்திலா? அந்தியூரும் வேண்டாம் அண்ணா. ரோட்டுக்கு மேலே ஊர் மயானத்தில் இடம் தருகிறார்கள். உங்கள் கல்லிலிருந்து நூறு எட்டு இருக்கும். அங்கே நின்றால் இரண்டு பக்கமும் தெரிகிறது. அங்கேயே என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் அடித்துவிட்டு அந்தியூர் என்று எழுதுங்கள். நான் சண்டை போட மாட்டேன்.

படிவம் இதோடு இருக்கிறது. இடது பக்கம் என் போட்டோ ஒட்டியாயிற்று. வலது பக்கம் உங்களுக்கு. என்னிடம் இருந்த உங்கள் போட்டோவைக் கொடுத்தேன். உங்கள் ரிட்டயர்மென்ட் விழாவில் எடுத்தது. கவுன்டர் பையன் பார்த்துவிட்டு, "இவர் இன்னும் கறுப்பு முடியோடயா இருக்கார்?" என்று கேட்டான். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். கையெழுத்தும் பாதி போட்டோ மேல், பாதி தாள் மேல் விழ வேண்டுமாம். அதனால் பரத்தின் போன் வழியாக அனுப்ப முடியாது.

தேதி முப்பத்தொன்று, வியாழக்கிழமை. இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், கையில் கிடைத்ததுமே ஸ்டுடியோவுக்குப் போங்கள். பக்கத்து வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போங்கள், முழங்காலோடு நடக்க வேண்டாம். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காப்பி எடுங்கள். ஒன்றைப் படிவத்தில் ஒட்டி, மேலே கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்றைத் தனியாக எனக்கு வையுங்கள். என்னிடம் இருப்பதெல்லாம் பழசு, நீங்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியாது. ஸ்பீட் போஸ்டில் புதுப் போட்டோவை அனுப்புங்கள் அண்ணா.

ரத்தினம்